வலிமை குறைந்த அமிலத்தின் அயனியாதல் மாறிலி

வலிமை குறைந்த அமிலம் நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு சிறு பங்கு மட்டுமே ஹைட்ரஜன் அயனியாகவும் எதிர்மின் அயனியாகவும் பிரிகிறது. மற்றவை மூலக்கூறாகவே தங்கிவிடுகின்றன. பிரிவதும் மீண்டும் சேர்வதும் சமநிலைக்கு வந்த பிறகு, இரு அயனிகளின் செறிவுகளையும் பெருக்கி, பிரியாமல் எஞ்சிய அமிலத்தின் செறிவால் வகுத்தால் வரும் எண்ணே அயனியாதல் மாறிலி. பாடநூல்களில் பிரிகை மாறிலி என்றும் இது வழங்கும். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்துக்கு 25 டிகிரி செல்சியஸில் இதன் மதிப்பு 1.75 × 10⁻⁵.

எத்தனை விழுக்காடு பிரிந்தது என்று சொன்னால் போதாதா? போதாது. லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தில் 1.3 விழுக்காடுதான் பிரிகிறது. அதையே நூறு மடங்கு நீர்த்துவிட்டால் 12 விழுக்காடு பிரியும். அமிலம் அதேதான், நீரின் அளவுதான் மாறியது. ஆக, விழுக்காடு கரைசலைப் பற்றிய செய்தி. அமிலத்தின் இயல்பைச் சொல்வது மாறிலியே.

இந்த வேறுபாட்டை எண்ணாலேயே காட்டியவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தேர்வாளர்கள் தாழ்ந்த தரமே தந்தார்கள். அப்போது ரீகாவில் பேராசிரியராக இருந்த ஆஸ்ட்வால்ட் அந்த ஆய்வின் மதிப்பை உணர்ந்து, அவரைப் பார்க்க அதே ஆண்டு உப்சாலாவுக்கே போனார். உப்பும் அமிலமும் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கொள்கையை அர்ரீனியஸ் 1887-இல் முழு வடிவில் வெளியிட்டார். நார்வேயின் குல்ட்பெர்க்கும் வாகேயும் 1864-இல் தந்த நிறைதாக்க விதியை அந்தப் பிரிதலுக்குப் பொருத்தி, 1888-இல் ஆஸ்ட்வால்ட் தம் நீர்த்தல் விதியைக் கண்டார். பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட கரிம அமிலங்களை அளந்து மாறிலிகளைக் குவித்தார். 1903-இல் அர்ரீனியஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததில் ஆஸ்ட்வால்டின் இந்த உழைப்புக்கும் பங்கு உண்டு.

அவர் கையாண்டது மின்கடத்துத்திறன் முறை. மின்சாரத்தைக் கடத்துபவை அயனிகள் மட்டுமே என்பதால், கடத்தும் அளவைக் கொண்டு பிரிந்த பங்கை அறியலாம். லிட்டருக்கு 0.001028 மோல் செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தின் மோலார் கடத்துத்திறன் 48.15 அலகு. அமிலம் முழுவதும் பிரிந்திருந்தால் அது 390.7 ஆக இருக்கும். ஹைட்ரஜன் அயனியின் 349.8, அசிட்டேட் அயனியின் 40.9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை இது. முன்னதைப் பின்னதால் வகுக்க, பிரிகை வீதம் 0.1232. நீர்த்தல் விதிப்படி அதன் வர்க்கத்தைச் செறிவால் பெருக்கி, ஒன்றிலிருந்து பிரிகை வீதத்தைக் கழித்து வரும் 0.8768-ஆல் வகுத்தால் மாறிலி 1.78 × 10⁻⁵.

1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் பிஎச் அளவீட்டை அறிமுகப்படுத்திய பிறகு கணக்கு இன்னும் எளிதானது. 0.1 மோல் அசிட்டிக் அமிலத்தின் பிஎச் 2.88 என்று கருவி காட்டினால், ஹைட்ரஜன் அயனியின் செறிவு 0.00132. அசிட்டேட்டும் அதே அளவு. பிரியாத அமிலம் 0.0987. கணக்கிட்டால் 1.76 × 10⁻⁵. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. ஹைட்ரஜன் அயனியின் செறிவு இங்கே வர்க்கமாகிறது. எனவே பிஎச் அளவில் 0.05 பிசகினால் விடையில் ஏறத்தாழ கால் பங்கு பிசகிவிடும்.

மாணவர் ஆய்வகத்துக்கு உகந்தது அரை நடுநிலையாக்கல் முறையே. அமிலக் கரைசலை இரண்டு சம பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் இரண்டு சொட்டு பினால்ப்தலீன் விட்டு, மங்கிய இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். பிறகு மற்றப் பங்கை அதில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும். இப்போது பிரியாத அமிலமும் அதன் எதிர்மின் அயனியும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. வகுத்தலில் இரண்டும் அடிபட்டுப்போக, ஹைட்ரஜன் அயனியின் செறிவே மாறிலியாகி நிற்கிறது. அமிலத்தின் செறிவோ காரத்தின் செறிவோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதுவும் வர்க்கமாகாததால் பிஎச் பிசகும் பாதியளவே தாக்கும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நம்பகமான விடை தரும் சோதனைகள் வேதியியலில் அதிகம் இல்லை.

அப்படியும் ஒரு புதிர் மிஞ்சுகிறது. 0.1 மோல் அசிட்டிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் அசிட்டேட்டும் கொண்ட கரைசலின் பிஎச் 4.76 ஆக இருக்க வேண்டும், அளந்தால் 4.65 என்றே வருகிறது. அயனிகள் நெருங்கியிருக்கும்போது ஒன்றையொன்று ஈர்ப்பதால், அவற்றின் செயலளவு, அதாவது செயலில் வெளிப்படும் செறிவு, உண்மைச் செறிவைவிடக் குறைகிறது. டிபையும் ஹூக்கெலும் 1923-இல் இதைக் கணக்கிட வழி தந்தார்கள். நீர்த்தல் விதிப்படி வரும் மாறிலியும், செறிவு கூடக் கூட 1.75-இலிருந்து 1.8-ஐ நோக்கி மெல்ல ஏறும். ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மெக்கின்ஸும் ஷெட்லோவ்ஸ்கியும் 1932-இல் இத்திருத்தங்களைச் செய்து கண்ட மதிப்பு 1.753 × 10⁻⁵. ஒரு நூலில் 1.8, இன்னொன்றில் 1.75 என்று கண்டு குழம்பும் மாணவர் இதை அறிந்திருப்பது நல்லது.

எஞ்சிய அமிலத்தைத் தொடக்கச் செறிவுக்குச் சமமாகவே கொள்ளும் குறுக்குவழி 0.1 மோல் அசிட்டிக் அமிலத்துக்குச் சரிவரும்; எல்லாவற்றுக்கும் வராது. ஒரு ஹைட்ரஜன் அணுவின் இடத்தில் குளோரின் அமர்ந்த குளோரோஅசிட்டிக் அமிலத்தின் மாறிலி சுமார் 1.4 × 10⁻³, அதாவது எண்பது மடங்கு. 0.1 மோல் கரைசலில் குறுக்குவழி தரும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.0118, இருபடிச் சமன்பாட்டை முறையாகத் தீர்த்தால் 0.0112. அங்கே சோம்பலுக்கு இடமில்லை.

இந்த எண் பாடநூலோடு நிற்பதுமில்லை. குடிநீரில் குளோரின் கலக்கும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் மாறிலி சுமார் 3 × 10⁻⁸. ஆகவே பிஎச் 7.5-இல் பாதி அமிலமாக இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே மிஞ்சும். கிருமியைக் கொல்வதில் வல்லது அந்த அமில வடிவமே என்பதால், நீரின் பிஎச்சைப் பார்க்காமல் குளோரின் அளவை மட்டும் பார்ப்பது அரைகுறைச் சோதனை.

மாறிலியை எழுதும்போது வெப்பநிலையையும் சேர்த்தே எழுத வேண்டும். அசிட்டிக் அமிலத்தின் மாறிலி 0 டிகிரியில் 1.66 × 10⁻⁵, 25 டிகிரியில் 1.75 × 10⁻⁵, 50 டிகிரியில் மீண்டும் இறங்கி 1.63 × 10⁻⁵.