பேற்றுக்கு முந்திய ஸ்டீரொயிட் சிகிச்சையும் குறைமாதக் குழந்தையின் ஓமோன் வளர்ச்சியும்

பேற்றுக்கு முந்திய ஸ்டீரொயிட் சிகிச்சை என்பது, மாதம் நிறையுமுன் பிள்ளை பிறக்கக்கூடிய தாய்க்கு, சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்காகப் போடப்படும் ஊசிமருந்து. பீற்றாமெதசோன் 12 மில்லிகிராம் 24 மணி இடைவெளியில் இருமுறை, அல்லது டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் 12 மணிக்கொரு தடவை நான்குமுறை வழங்கப்படும்.

கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் சிசுவின் அதிரீனல் சுரப்பி சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன் நுரையீரலைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக்குகிறது. தாயின் கோட்டிசோலில் பெரும்பகுதியைச் சூல்வித்தகத்திலுள்ள நொதியம் செயலிழக்கச் செய்யும். பீற்றாமெதசோனும் டெக்சாமெதசோனும் அந்தத் தடையைத் தாண்டிச் சிசுவை அடைகின்றன.

நியூசிலாந்தின் ஒக்லண்டில் ஆட்டுக்குட்டிகளின் பிறப்பை ஆராய்ந்த கிரஹம் லிகின்ஸ், ஸ்டீரொயிட் பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராதவாறு மூச்செடுத்ததை 1969இல் பதிவுசெய்தார். அவரும் குழந்தை மருத்துவர் ரொஸ் ஹவியும் 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. சுவாசத்திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்திருந்தது.

மருந்து உடலில் இருக்கும் நாட்களில் சிசுவின் கபச்சுரப்பி அதிரீனலைத் தூண்டுவது குறைகிறது. சிசுவின் கோட்டிசோலும், அதிரீனல் தரும் மூலப்பொருளால் உருவாகும் தாயின் எஸ்திரியோல் ஓமோனும் தாழ்கின்றன. ஒரே சுற்று மருந்தெனில் கோட்டிசோலின் அடிப்படை அளவு சில நாட்களில் மீள்கிறது. ஆயினும் பிறந்த சில நாட்களில் குதிக்காலில் ஊசி குத்தும்போது எழவேண்டிய கோட்டிசோல் உயர்வு மங்கியிருந்ததை ஆய்வுகள் கண்டன.

ஒக்லண்ட் ஆய்வில் பிறந்தவர்கள் 30 வயதில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் 2005இல் வெளியாகின. மருந்து பெற்ற, பெறாத பிரிவினரிடையே இரத்த அழுத்தத்திலும் கோட்டிசோலிலும் நீரிழிவிலும் வேறுபாடு இல்லை. ஆனால் மருந்து பெற்றோரிடம் குளுக்கோஸ் அருந்திய 30 நிமிடத்தில் இன்சுலின் கூடியிருந்தது. பல சுற்றுகள் பெற்ற குழந்தைகளின் எடையும் தலைச்சுற்றளவும் குறைந்திருந்ததாக 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 34 வாரங்களுக்குப் பிந்திய பயன்பாட்டை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், பிறந்த குழந்தையின் இரத்தச் சர்க்கரை வீழ்ச்சி 15 சதவீதத்திலிருந்து 24 சதவீதமானது.

2014இல் இந்தியா, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைப் போடத் தாதியருக்கு அனுமதியளித்தது. எனினும் இந்தியாவின் பெளகாவி, நாக்பூர் ஆகிய இடங்கள் உட்பட ஆறு நாடுகளில் கிராம மட்டத்தில் நடந்த ஆய்வு, மொத்தச் சிசு மரணம் சற்றுக் கூடியதாக 2015இல் எச்சரித்தது. வைத்தியசாலைகளில் மட்டும் நடந்த 2020ஆம் ஆண்டின் ஐந்து நாட்டு ஆய்வில், சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாக இறங்கியது. ஆகவே 2022இல் உலக சுகாதார நிறுவனம் 24 முதல் 34 வாரம் வரையான கர்ப்பத்துக்கு இதைப் பரிந்துரைத்தபோது, கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்தல், தாய்க்குத் தொற்று இல்லாமை, குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதி ஆகியவற்றை நிபந்தனைகளாக்கியது. இலங்கையில் கல்முனை முதல் கொழும்பு வரை பொதுச் சுகாதார மருத்துவமாதர் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே பதிவுசெய்வது முதல் நிபந்தனைக்குத் துணைசெய்கிறது.