மூன்று டிகிரியின் அரசியல்

ஊட்டியில் ஒரு ஜனவரி விடியற்காலை. அண்ணன் மகனின் காரில் ஐந்து பேர் தலைக்குந்தா பக்கம் போய்க்கொண்டிருந்தோம். புல்வெளி முழுக்க உறைபனி சுண்ணாம்பு அடித்த மாதிரிக் கிடந்தது. திடீரென்று வண்டிக்குள் ஒரு மணிச்சத்தம். ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஆறு கிளை விரித்த பூ போல ஒரு சின்னம் எரிந்தது. அதன் அருகில் 3 டிகிரி என்ற எண். பயல் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினான். 'சித்தப்பா, இத்தன வருஷத்துல இந்த லைட் எரிஞ்சதே இல்ல. இஞ்சின்ல ஏதும் கோளாறா இருக்குமோ?' பானட்டைத் திறந்து பார்த்தோம். ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு டீக்கடையில் உள்ளூர் டிரைவர் ஒருவர் விளக்கம் சொன்னார்: 'ரோட்டுல ஐஸ் இருக்கும், வழுக்கும், பாத்துப் போன்னு சொல்லுதுங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல.'

செகண்ட் ஹேண்டில் வாங்கிய, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கார் அது. வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருப்பது கான்சாபுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம், மேற்கே மலை பார்த்துக் கிடக்கிற ஊர். (ஊர்ப் பெயருக்குள் கான்சாகிப் இருக்கிறார் என்பார்கள், 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான். அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.) அந்த ஊரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை இருபதை ஒட்டித்தான் இருக்கும். மூன்று டிகிரிக்கு அங்கே வழியே இல்லை. ஆக, அந்தக் காருக்குள் ஓர் எச்சரிக்கை அத்தனை வருஷமும் உறங்கிக்கொண்டே நம்மோடு வயலுக்கும் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்துபோயிருக்கிறது. அதே கார் மே மாதத்தில் 41 என்றும் 42 என்றும் காட்டியிருக்கிறது. அப்போது ஒரு மணியும் அடிக்கவில்லை. ஒரு சின்னமும் எரியவில்லை. இதை நான் யோசித்தது ஊட்டியிலிருந்து இறங்கி வந்த பிறகுதான்.

எந்தக் குளிர் ஆபத்து, எந்த வெயில் வெறும் தகவல் என்பதை அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 'தொழில்நுட்பம் நடுநிலையானது' என்று நம்புகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரின் முன் பம்பருக்குப் பின்னால், காற்று புகும் இடத்தில், கடலைப் பருப்பு அளவுக்கு ஓர் உணரி இருக்கிறது. 'தெர்மிஸ்டர்' என்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்தத் தடையை அளந்து, டிகிரியாக மாற்றி, கண்ணாடிக்குப் பின்னால் எண்ணாகக் காட்டுகிறது வண்டியின் கணினி. சூடேறினால் தடை குறையும் இந்தக் குணத்தை வெள்ளி சல்ஃபைடில் முதலில் கவனித்துப் பதிவு செய்தவர் மைக்கேல் ஃபாரடே, ஆண்டு 1833. அதே 1833இல்தான் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய பனிக்கட்டி முதன்முதலாகக் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரே ஆண்டு.

பூஜ்யத்தில்தானே தண்ணீர் உறையும், ஏன் மூன்றிலேயே மணி அடிக்க வேண்டும்? (சில கம்பெனிகள் நான்கில் அடிக்க வைத்திருக்கின்றன.) காரணம், வண்டி அளப்பது காற்றை, வழுக்குவதோ தரை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். தலைக்குந்தாவில் நாங்கள் பார்த்ததும் அதுதான்: காற்று 3 டிகிரி, புல் வெள்ளை. பாலங்களுக்கு அடியிலும் காற்று ஓடுவதால் அவை சாலைக்கு முன்பே உறைந்துவிடும். தாரின் மேல் படிகிற மெல்லிய பனி கண்ணாடி போலிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைக் 'கருப்புப் பனி' என்கிறார்கள். எனவே அளவி தனக்குத் தெரியாத தரைக்காக மூன்று டிகிரி இடைவெளி விட்டுப் பேசுகிறது. கருவி தன் அறியாமையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்களைக் காப்பாற்றுவதற்கான நியாயமான கரிசனம் அது. அந்தக் கரிசனம் யாருடைய சாலையை நினைத்து வந்தது என்பதில்தான் என் கேள்வி.

1970களில் காடிலாக் போன்ற அமெரிக்க ஆடம்பரக் கார்களில், டிரைவர் பக்கத்து வெளிக் கண்ணாடியின் மேல் ஒரு வெப்பமானியைப் பொருத்திக்கொள்ளலாம். வசதியுள்ளவருக்கான அலங்காரம். 1980களில் பி.எம்.டபிள்யூ. போன்ற ஜெர்மன் கார்களின் கணினிகள் அந்த எண்ணுக்கு ஒரு குரல் கொடுத்தன: குளிர் இந்த அளவைத் தொட்டால் மணி அடி. பின்னர் ஏ.சி.யைத் தானாக இயக்குவதற்கும் இஞ்சினின் கணக்குகளுக்கும் வெளிக்காற்றின் சூடு தேவைப்பட்டதால் உணரி சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது. உணரி வந்தபோது கூடவே பனிப்பூவும் வந்தது, மணியும் வந்தது. முனிச்சின் குளிர்காலம் மென்பொருளாகிக் கான்சாபுரத்துக்கு இறக்குமதியானது இப்படித்தான்.

ஆனால் இந்தக் கதை காரோடு தொடங்குவதல்ல. வெப்பத்தை அளப்பது என்ற காரியமே பனிக்கட்டியின் மேல் கால் ஊன்றித்தான் எழுந்து நின்றது. ஃபாரன்ஹீட் 1724இல் வெளியிட்ட அளவுகோலின் பூஜ்யம் பனியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவை. உருகும் பனி 32. செல்சியஸ் 1742இல் வேறுமாதிரிப் போட்டார். அவர் கணக்கில் கொதிநீர் பூஜ்யம், உறைநிலை நூறு! அவர் இறந்த பிறகுதான் அது தலைகீழாக்கப்பட்டது. அவர் போட்டபடியே விட்டிருந்தால் நம்ம ஊர் மே மாதத்து 42, 58 ஆக இருந்திருக்கும். சூடு ஏற ஏற எண் குறைந்துகொண்டே போகும். வேடிக்கைக்காகச் சொல்கிறேன். விஷயம் என்னவென்றால், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முனையில் பனிக்கட்டி உட்கார்ந்திருக்கிறது. வட ஐரோப்பாவில் வாசலில் கிடைத்த பொருள் அது. அளவுகோலுக்கு நிலையான ஒரு புள்ளி தேவைப்பட்டபோது அதை எடுத்துக்கொண்டார்கள். நமக்கோ அது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்காக வந்து சேர்ந்தது. ஃபிரடெரிக் டியூடரின் கம்பெனி அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, நாலு மாதக் கடல் பயணத்தில் கொண்டுவந்து, சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய கிடங்கில் அடுக்கியது. வெள்ளைக்காரர்களின் பானத்துக்கும் காய்ச்சலுக்கும். இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் வட்டாரத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மிச்சம்.

இனி வெயிலைப் பார்ப்போம். வானிலைக்காரர்கள் நாற்பது டிகிரி என்றால் அது நிழலின் நாற்பது. காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1860களில் அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்து எஞ்சினியர். இந்தியாவில் அந்தப் பெட்டி பரவலாகும்வரை கூரை வேய்ந்த கொட்டகைக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். அதாவது வெப்பமானிக்கு எப்போதும் ஒரு கூரை உண்டு. அறிவியல் காரணம் சரிதான்: நேர்வெயில் பட்டால் அது காற்றை அளக்காது, தன்னையே அளந்துகொள்ளும். ஆனால் களையெடுக்கிறவளும் தேங்காய் உரிக்கிறவனும் பெட்டிக்குள் இல்லை. அவர்கள் உடம்பு தன்னையேதான் அளந்துகொண்டிருக்கிறது.

நம்ம பேச்சில் இது ஒரே விஷயமாக இருந்ததில்லை. வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு, அனல் வேறு. சூரியன் நேரே அடிப்பது வெயில். சுவரும் தரையும் வாங்கிவைத்துத் திருப்பி அடிப்பது வெக்கை. வேர்வை காயாமல் மூச்சு முட்டுவது புழுக்கம். வீசுகிற காற்றே சுடுவது அனல். காரின் கண்ணாடியில் தெரியும் ஒற்றை எண் இதில் எதையும் முழுசாகச் சொல்வதில்லை. அறிவியலுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பம் தாக்கிச் சிப்பாய்கள் விழுந்து சாகத் தொடங்கியபோது, ஈரம், நேர்வெயில், காற்று மூன்றையும் சேர்த்து ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி, கருப்புக் கோளத்துக்குள் ஒன்று, சாதாரணமாக ஒன்று. சிப்பாயின் உடம்பு அரசுக்கு வேண்டியிருந்தது, ஆகவே அளக்கப்பட்டது.

ஈரத்துணி வெப்பமானி எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த வட்டாரமே நூற்பாலைப் பிரதேசமாயிற்று. பஞ்சு வறண்டால் நூல் அறும். அதனால் நூற்பாலைகளில் காற்றில் ஈரம் ஏற்றுவார்கள். ஏற்றிய ஈரத்தைப் பார்க்க இரட்டை வெப்பமானி சுவரில் தொங்கும். ஏதோ ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்த என் தாய்மாமன் சொல்வார்: 'அது நூலுக்குக் காய்ச்சல் பாக்குறதுடா, நமக்கில்ல.' அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. லங்காஷயரில் தறிக்கூடங்களில் நீராவி விடுவதை எதிர்த்து நெசவாளர்கள் போராடியதால்தான் 1889இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஈரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் போட்டது. நூலுக்காக வந்த கருவி தொழிலாளிக்குச் சாட்சியாக மாறியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வேலைக்கூடத்தின் வெப்பத்தையும் செயற்கை ஈரத்தையும் பற்றிப் பேசியது. எத்தனை டிகிரி என்று நிர்ணயிப்பதை மாநில அரசுகளிடம் விட்டது. அதுவும் கூரைக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். தோப்புக்கும் ரோட்டுக்கும் அந்தச் சட்டம் வரவே இல்லை.

ரோட்டுக்கு இப்போதுதான் மெல்ல வருகிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் ஆணையிட்டது. இஞ்சினுக்குச் சூடு ஏறினால் முள் காட்டும், சிவப்பு விளக்கு எரியும். இஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டியவருக்கு அதுவரை தோளில் கிடந்த துண்டுதான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் 'வெப்ப அலை' என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமானால் சமவெளியில் அதிகபட்சம் நாற்பதைத் தொட வேண்டும், வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், அல்லது நேரே 45ஐ எட்ட வேண்டும். அதையும் ஒரு வட்டாரத்தில் இரண்டு நிலையங்களாவது இரண்டு நாள் தொடர்ந்து காட்ட வேண்டும். எங்க ஊருக்கு மே மாதத்தில் முப்பத்தொன்பது வழக்கம். வழக்கமாக வருவதால் அது அலை ஆகாது. பனிக்கு மூன்று டிகிரி முன்னாலேயே மணி. வெயிலுக்கு நாலரை டிகிரி பின்னால். தரையை அறியாததால் முன்கூட்டி எச்சரித்த அந்த அடக்கம் இங்கே எங்கே போயிற்று?

போன மே மாதம் கான்சாபுரத்தில் ஒரு தென்னந்தோப்பு ஓரம், மத்தியானம் ஒரு மணி. காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு விலை பேசப் போயிருந்தோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் கண்ணாடியில் 46. பயல் சிரித்தான். 'இது பொய் சித்தப்பா. நின்ன வண்டியில இஞ்சின் சூடும் ரோட்டுச் சூடும் சேந்து காட்டும். ஓடினா இறங்கிரும்.' சரிதான். கம்பெனிக்காரர்களும் இதைப் பிழை என்றுதான் சொல்கிறார்கள். வண்டி சில நிமிஷம் ஓடி, காற்று உணரியைக் கழுவிய பிறகு வருவதுதான் 'உண்மையான' அளவு. ஊட்டியில் பதறியவன் இப்போது எனக்கே பாடம் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பினோம். 44 ஆயிற்று, 42 ஆயிற்று. வத்திராயிருப்பு ரோட்டில் ஏறியதும் 39இல் நின்றது. பின்னால் கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் நின்றிருந்த அதே இடத்தில், சூடேறிய தாரின் மேல், லாரிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் ஆறேழு பேர். ஒருவர் மட்டும் லாரியின் சக்கரத்து நிழலில் குந்தி, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.