விழித்திரை மையச் சிரை அடைப்பும் கண் அழுத்த நோயும்

விழித்திரை மையச் சிரை அடைப்பு என்பது விழித்திரையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் முதன்மைச் சிரை அடைபடுவதால் ஏற்படும் நோயாகும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு இது ஏற்படும் வாய்ப்பு மிகுதி. அடைப்பின் விளைவாக வேறொரு வகைக் கண் அழுத்த நோய் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

காரணங்கள்

மையத் தமனி பார்வை நரம்பின் வழியே கண்ணுள் நுழைகிறது. மையச் சிரை அதனை ஒட்டியே வெளியேறுகிறது. இவை கடக்குமிடத்தில் சல்லடை போன்ற தகடு ஒன்று உள்ளது. கண்ணின் உள்ளழுத்தம் (இயல்பளவு 10–21 மி.மீ. பாதரசம்) உயரும்போது இத்தகடு பின்னோக்கி வளைந்து, மெல்லிய சுவருடைய சிரையை நெருக்குவதாகக் கருதப்படுகிறது. இரத்த ஓட்டம் தளர்ந்து உறைகட்டி உருவாகிறது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியனவும் வாய்ப்பை மிகுவிக்கின்றன.

அறிகுறிகள்

பெரும்பாலும் ஒரு கண்ணில் வலியின்றித் திடீரெனப் பார்வை மங்கும். விழித்திரையைச் சோதிக்கையில் விரிந்து நெளிந்த சிரைகளும் தீச்சுடர் வடிவ இரத்தக்கசிவுகளும் காணப்படும்.

பின்விளைவு

விழித்திரையில் ஆக்சிசன் பற்றாக்குறை கடுமையானால், இரத்தக்குழல் வளர்ச்சிக் காரணி மிகுதியாகச் சுரக்கும். இதனால் கதிராளியில் (கண்ணின் நிறப்பகுதி) புதுக்குழல்கள் முளைத்து, கண்ணின் உள்நீர்மம் வடியும் வழியை அடைக்கும். அடைப்பு ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று மாதங்களில் தோன்றுவதால் இது '100 நாள் கிளாக்கோமா' எனவும் அழைக்கப்படுகிறது. கண் சிவந்து கடும் வலி ஏற்படும். பார்வை முற்றிலும் இழக்கப்படலாம்.

சிகிச்சை

விழித்திரை வீக்கத்தைக் குறைக்க ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகிய மருந்துகள் கண்ணுள் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றன. புதுக்குழல்கள் தோன்றினால் லேசர் சிகிச்சை அளிக்கப்படும். ஸ்டீராய்டு மருந்துகள் கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. ஆதலால் கண் அழுத்த நோயாளிகளுக்கு அவை கவனத்துடனேயே பயன்படுத்தப்படுகின்றன. பாதிக்கப்படாத மறு கண்ணின் அழுத்தத்தையும் அளந்து கட்டுப்படுத்துதல் இன்றியமையாதது.