பழகிய கைக்கான கருவி

மவுஸின் முதல் உடல் மரத்தால் ஆனது. 1964-இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊரில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அது பிறந்தது. யோசனை டக்ளஸ் எங்கெல்பார்ட்டுடையது. செய்து கொடுத்தவர் அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலிஷ். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டை, அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். ஒரு சக்கரம் பக்கவாட்டு நகர்வையும் மற்றது முன்பின் நகர்வையும் அளந்தது. சக்கரம் சுழலச் சுழல, அதனுடன் இணைந்த பொட்டென்ஷியோமீட்டரில் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் படித்துத் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தும். வயர் முதலில் மணிக்கட்டுப் பக்கமாக வெளிவந்தது. கைக்கு அது இடைஞ்சலாக இருந்ததால் விரைவிலேயே முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். கையின் வசதிக்காக மவுஸில் நடந்த முதல் திருத்தங்களில் அதுவும் ஒன்று. இன்று நாம் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த வரிசையில்தான் வருகிறது.

எங்கெல்பார்ட்டின் நோக்கம் ஒரு சாதனத்தோடு நின்றுவிடவில்லை. மனிதர்களின் சிந்திக்கும் திறனைக் கருவிகளால் பெருக்க முடியும் என்று 1962-இல் அவர் ஒரு நீண்ட அறிக்கை எழுதியிருந்தார். சிக்கலான பிரச்சினைகளைத் தீர்க்க மனிதரும் கருவியும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. திரையில் உள்ள எழுத்துகளைச் சுட்டிக்காட்ட எது சிறந்தது என்று அவருடைய குழு சோதித்துப் பார்த்தது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் ஒரு பொறி ஆகியவற்றோடு மவுஸும் போட்டியிட்டது. புதிதாகக் கையாண்டவர்களிடம் ஒளிப்பேனாவும் முழங்கால் பொறியும் நன்றாகவே வேலை செய்தன. பழகியவர்களிடம் மவுஸ் வேகத்திலும் துல்லியத்திலும் முந்தியது. பழகப் பழகப் பலன் கூடும் என்பதுதான் மவுஸின் பிறவிக் குணம். அதை மறந்துவிட்டு இந்தக் கருவியைப் புரிந்துகொள்ள முடியாது.

1968 டிசம்பர் 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டில், சுமார் 1000 பேர் முன்னிலையில் எங்கெல்பார்ட் தன் குழுவின் வேலையை 90 நிமிடம் நிகழ்த்திக் காட்டினார். அவர் இயக்கிய கம்ப்யூட்டர் மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை இணைப்பு வழியாகத் திரைக்காட்சி மேடைக்கு வந்தது. வலது கையில் மவுஸ், நடுவில் கீபோர்டு, இடது கையில் ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு சிறு பலகை. அந்த ஐந்து கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எல்லா எழுத்துகளும் வரும். அதைக் கற்க நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கற்பதற்கு உரிய உழைப்பைக் கொடுத்தால் கருவி பல மடங்காகத் திருப்பித் தரும் என்று அவர் நம்பினார். மவுஸிலும் அதற்குள் மூன்று பட்டன்கள் வந்திருந்தன.

1970 நவம்பர் 17-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 3541541. உலகமெங்கும் மவுஸ் பரவத் தொடங்கிய 1987-இல் அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது. ராயல்டி என்று எங்கெல்பார்ட்டுக்கு எதுவும் வரவில்லை. 2013 ஜூலை 2-இல் அவர் இறந்தபோது, பூமியில் கம்ப்யூட்டர் இருந்த மேசைகளில் எல்லாம் அவருடைய யோசனை இருந்தது.

மரக்கட்டையிலிருந்து இன்றைய வடிவத்துக்கு வரும் வழியில் பல கைகள் சேர்ந்தன. 1968-இலேயே மேற்கு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம், சக்கரங்களுக்குப் பதிலாக ஒரு உருண்டையைக் கொண்ட சுட்டும் கருவியைத் தனியாக உருவாக்கியிருந்தது. பில் இங்கிலிஷ் 1971-இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குப் போனார். அங்கும் உருண்டை மவுஸ் உருவானது. எந்தத் திசையில் இழுத்தாலும் உருண்டை தடையில்லாமல் உருளும் என்பதால் அதுவே நிலைத்தது. அந்த மையத்தின் ஆல்டோ கம்ப்யூட்டரில் வளர்ந்த மவுஸ், 1981-இல் ஸெராக்ஸ் ஸ்டார் வழியாகச் சந்தைக்கு வந்தது. 1983-இல் ஆப்பிளின் லிசாவும் 1984-இல் மெக்கின்டாஷும் அதைச் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தன.

இந்த இடத்தில் மவுஸின் குணம் சற்று மாறியது. ஆப்பிள் ஒரே ஒரு பட்டன் போதும் என்று முடிவு செய்தது. முதல்முறை தொடுபவர் எதை அழுத்துவது என்று திகைக்கக் கூடாது என்பது அவர்களின் எண்ணம். அந்த முடிவு பல கோடிப் பேருக்குக் கம்ப்யூட்டரின் கதவைத் திறந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதியவருக்கான எளிமையே கடைசி இலக்காக ஆனபோது, பழகியவருக்கான வளர்ச்சி பின்வரிசைக்குப் போனது. அந்த வளர்ச்சி முழுவதும் நின்றுவிடவில்லை. 1983-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு பட்டன் மவுஸை விற்றது. 1996-இல் அதே நிறுவனத்தின் இன்டெல்லிமவுஸ் ஸ்க்ரோல் வீலை எங்கும் பழக்கமாக்கியது. பிறகு கட்டைவிரலுக்கு அருகே பக்கவாட்டுப் பட்டன்கள் வந்தன. எங்கெல்பார்ட் இடது கைக்குக் கொடுத்த ஐந்து கட்டைகள் அழிந்துபோனாலும், விரல்களுக்குக் கூடுதல் வேலை கொடுக்கலாம் என்ற அவருடைய எண்ணம் மவுஸின் முதுகில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

உருண்டைக்கு ஒரு தீராத நோய் இருந்தது: தூசு. மேசையில் இருக்கும் அழுக்கையும் இழையையும் அது உள்ளே இழுத்துச் சென்று உருளைகளில் சுற்றிவிடும். திரையில் அம்புக்குறி திக்கித் திக்கி நகரும். அடிமூடியைத் திருகித் திறந்து, உருண்டையை வெளியே எடுத்து, உருளைகளை நகத்தால் சுரண்டியவர்கள் இன்றைக்கு நடுவயதில் இருக்கிறார்கள். 1980 வாக்கிலேயே ஸெராக்ஸில் ரிச்சர்ட் லயனும் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் கிர்ஷும் தனித்தனியே ஒளி மவுஸ்களை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் அவற்றுக்குப் புள்ளியோ கட்டமோ அச்சிட்ட தனிப் பலகை தேவைப்பட்டது. 1999-இல் வந்த இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அடியில் ஒரு சிறு விளக்கு மேசையின் பரப்பில் சாய்வாக ஒளி வீசும். ஒரு மிகச் சிறிய கேமரா வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மேசையின் சொரசொரப்பு எவ்வளவு இடம் மாறியது என்று ஒரு சிப் கணக்கிடும். பளபளப்பான கண்ணாடி மேசையில் பல மவுஸ்கள் தடுமாறுவதற்குக் காரணமும் இதுதான். கண்ணாடியில் கேமராவுக்குப் பற்றிக்கொள்ள அடையாளம் எதுவும் கிடைக்காது.

வயரை அறுக்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் ஆப்பிள்ஸ் என்ற சிற்றூரில் 1981-இல் தொடங்கிய லாஜிடெக், 1984-இல் மெட்டாஃபர் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்காக அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் வயரில்லா மவுஸைச் செய்தது. மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு காகிதக் கட்டு வந்துவிட்டாலும் தொடர்பு போய்விடும். 1991-இல் அதே நிறுவனம் ரேடியோ அலையில் இயங்கும் மவுஸைக் கொண்டுவந்தது. ரேடியோ அலைக்குக் காகிதமும் புத்தகமும் தடையில்லை என்பதால் வயரில்லா மவுஸ் நம்பத்தக்க பொருளானது. இன்று ஏறக்குறைய எல்லா வயரில்லா மவுஸ்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய இந்த அலைவரிசையில் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட இருக்கின்றன. அந்த இரைச்சலில் தன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகப் புளூடூத் வினாடிக்குப் பலமுறை தடம் மாறி மாறித் தாவுகிறது.

இத்தனை பயணத்துக்குப் பிறகு மவுஸ் ஒரு சிறு அட்டைப்பெட்டியில் நம் மேசைக்கு வருகிறது. பெரும்பாலோருக்கு அதன் கதை அங்கே முடிந்துவிடுகிறது. பேட்டரியைப் போட்டு, நகர்கிறதா என்று பார்த்து, அப்படியே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம். சைக்கிள் வாங்கினால் சீட்டை நம் உயரத்துக்கு ஏற்றி இறக்காமல் ஓட்டுவதில்லை. நாளெல்லாம் கை வைத்திருக்கும் மவுஸை மட்டும் தொழிற்சாலை வைத்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம்.

முதலில் இணைப்பு. பல மவுஸ்களில் விரல் நகமளவு ரிசீவர் பேட்டரி அறைக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, மவுஸின் அடியில் உள்ள சுவிட்சைப் போட்டால் போதும். புளூடூத் மவுஸ் என்றால், அடியில் உள்ள பட்டனை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, கம்ப்யூட்டரின் புளூடூத் பட்டியலில் தோன்றும் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வழியும் உள்ள மவுஸில், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்று, வீட்டு லேப்டாப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் முழுதாக இயங்கத் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில் ரிசீவர் மவுஸ் பெரும்பாலும் வேலை செய்யும். புளூடூத் மவுஸ் பல கம்ப்யூட்டர்களில் செய்யாது.

அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்தால் மவுஸைப் பழிக்கும் முன் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மேசைக்கு அடியில், சிபியுவின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தால் அலை திணறும். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்று 2012-லேயே இன்டெல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியது. ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்தால் பல நேரங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. பல நிறுவனங்களின் ரிசீவர்களுக்குத் தொலைவிலிருந்தே போலியான கீபோர்டு அழுத்தல்களை அனுப்ப முடியும் என்று 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் குறைக்கு மவுஸ்ஜாக் என்று பெயர். தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் அப்டேட்டைப் போட்டுக்கொள்வது அதனால்தான் அவசியம்.

அடுத்தது வேகம். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகளாக அதை எண்ணும் என்பது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை, கூடுதல் முடுக்கம் ஏதும் இல்லாமல், 1000 டிபிஐயில் கடக்க இரண்டு அங்குலத்துக்கும் குறைவான நகர்வு போதும். 400 டிபிஐயில் ஏறக்குறைய ஐந்து அங்குலம் வேண்டும். இடம் குறைந்த மேசைக்கு முதலாவது, நுணுக்கமாக வரைபவருக்கு இரண்டாவது. விண்டோஸில் அம்புக்குறித் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. உண்மையில் அது, கை வேகமாக நகர்ந்தால் அம்புக்குறியை இன்னும் அதிகத் தூரம் தள்ளும் முடுக்கம். அது இருந்தால், ஒரே தூரம் கையை நகர்த்தினாலும் வேகத்தைப் பொறுத்து அம்புக்குறி வெவ்வேறு இடத்தில் நிற்கும். சிலருக்கு அது வசதி. படம் வரைபவர்களும் கேம் ஆடுபவர்களும் பெரும்பாலும் அதை அணைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு மவுஸ் வினாடிக்கு 125 முறை தகவல் அனுப்பினால் 8 மில்லிசெகண்ட் இடைவெளி. 1000 முறை அனுப்பினால் 1 மில்லிசெகண்ட். பேட்டரி செலவாவது இரண்டாவதில் அதிகம். கணக்கு எழுதும் வேலைக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை.

பிறகு பட்டன்கள். பக்கவாட்டுப் பட்டன்கள் பிரவுசரில் முன்னும் பின்னும் போவதற்கு மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பவர் காப்பி, பேஸ்ட் இரண்டையும் அங்கே வைக்கலாம். கணக்காளர் எக்ஸெல்லில் ஒரு வேலையும் பிரவுசரில் வேறு வேலையும் அதே பட்டனுக்குக் கொடுக்கலாம். தயாரிப்பாளரின் மென்பொருள் இதைச் செய்து தரும். லினக்ஸில் பைப்பர், சோலார் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சில மவுஸ்கள் இந்த மாற்றங்களைத் தம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால், வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அதே பழக்கம் கூடவே வரும். ஒரே நாளில் எல்லாப் பட்டனையும் மாற்றினால் விரல் குழம்பிவிடும். ஒன்றை மாற்றி, அது கைக்குள் இறங்கிய பிறகு அடுத்ததைத் தொடுவது நல்லது.

இந்த மாற்றங்கள் சிலருக்கு வெறும் சௌகரியமாகத் தோன்றலாம். வேறு சிலருக்கு இவை இல்லாமல் வேலையே நடக்காது. கை நடுங்கும் ஒரு பெரியவருக்கு, அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து, டபுள் கிளிக்கின் இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தால், யாரையும் எதிர்பார்க்காமல் தன் பென்ஷன் கணக்கைத் தானே பார்ப்பார். இடது கைக்காரக் குழந்தைக்குப் பள்ளி கம்ப்யூட்டர் அறையில் பட்டன்களை மாற்றி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை யாரும் ஒதுக்காததால் எத்தனையோ குழந்தைகள் பழக்கமில்லாத கையால் படிக்கிறார்கள். மணிக்கட்டு வலிப்பவருக்கு நிமிர்ந்த வடிவ மவுஸும் குறைந்த நகர்வில் அதிகத் தூரம் போகும் டிபிஐயும் வேதனையைக் குறைக்கலாம். மவுஸை அசைக்கவே முடியாதவருக்காகக் கீபோர்டின் எண் கட்டைகளால் அம்புக்குறியை நகர்த்தும் வசதியும் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு.

எங்கெல்பார்ட் கேட்டது இரு பக்க உழைப்பை. மனிதர் கருவியைக் கற்க வேண்டும். கருவியும் மனிதருக்கு ஏற்ப மாற வேண்டும். அன்று கருவியை மாற்றுவதற்கு ஆய்வுக்கூடமும் பொறியாளரும் தேவைப்பட்டார்கள். இன்று செட்டிங்ஸ் பக்கமும் அரை மணி நேரமும் போதும். புது மவுஸ் வாங்கினால் அந்த அரை மணியை அதற்குக் கொடுங்கள். பள்ளியிலும் நூலகத்திலும் அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்கள், பயன்படுத்துபவர் இந்தப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி பூட்டி வைக்காதீர்கள். மவுஸைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் உரிமை.