அத்தாப்பும் ஓடும் மழையும்



அடுக்குமாடியில் பிறந்த என் மாணவர்களுக்குக் கூரை மாற்றுதல் என்பதே புதுச் செய்தி. முற்காலச் சிங்கப்பூரிலோ அது ஒவ்வொரு குடும்பத்தின் தீராக் கவலை.

இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. நீப்பா பனையோலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை ஈரத்தில் மக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். மழை விட்ட இடைவெளியில் பழுதான ஓலைகளை மட்டும் உருவிப் புதியவற்றைக் கட்டலாம் என்பதே ஏழைக்கு ஆறுதல். 1827இல் நம் முன்னோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் முதலில் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனதே; 1843இல்தான் செங்கற் கட்டடமாயிற்று.

மழையில் மக்கும் அதே ஓலை, காய்ந்தால் தீக்கு இரை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீயால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர், நால்வர் மாண்டனர். அவ்விடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன.

ஓட்டுக் கூரையைக் காண விரும்புவோர் லிட்டில் இந்தியாவுக்குச் செல்லலாம். அங்குள்ள பழைய கடைவீடுகள் 1989 முதல் பாதுகாக்கப்படுகின்றன. ஓடு மக்காது. ஆயினும், அதைப் பிரித்த வேளையில் மழை பிடித்தால் அடியிலுள்ள மரச்சட்டங்கள் ஊறி உளுத்துப்போகும். இரு வீட்டுக்கும் சுவர் பொதுவாதலால் அண்டை வீட்டிலும் நீர் இறங்கும். ஆகவே, தார்ப்பாயை ஆயத்தமாக வைத்து, ஒரு பகுதியை மூடிய பின்னரே அடுத்ததைத் திறத்தல் நன்று.

வானம் பார்த்துக் கூரை பிரிக்கும் கவலை இன்று பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. அதைச் சுமந்தோரை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.