கோ-கார்ட் பந்தயம்: பிள்ளையை ஏசும் முன் டயரில் காற்றைப் பாருங்கள்

கோ-கார்ட் பந்தயத்தில் இறங்கும் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ மாமாவோதான் மெக்கானிக். முதல் சில சுற்றுகளில் நன்றாக ஓட்டிய பிள்ளை கடைசியில் பின்தங்கினால், கவனம் போதவில்லை என்று ஏசுகிறோம். இல்லையென்றால் புது டயர் வாங்குகிறோம். இந்த இரண்டுக்கும் முன் பார்க்க வேண்டியது டயரில் உள்ள காற்றின் அழுத்தம். அதை மாற்றக் காசு செலவில்லை.

காருக்கும் கார்ட்டுக்கும் உள்ள வேறுபாடு

கார் டயருக்குப் பொதுவாக 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கிறோம். உலர்ந்த தடத்தில் ஓடும் கார்ட் டயருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும். பெரும்பாலும் 8 முதல் 14 பி.எஸ்.ஐ. வரை வைப்பார்கள். எந்த அளவில் தொடங்குவது என்பதை டயர் நிறுவனத்தின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கார்ட்டில் ஸ்பிரிங், அப்சார்பர் எதுவும் கிடையாது. சட்டமும் டயரும்தான் அந்த வேலையையும் செய்கின்றன. அதனால் அரை பி.எஸ்.ஐ. மாறினாலும் வளைவில் பிடிப்பு மாறும். எண்ணெய் நிலையத்தில் உள்ள காற்றுமானி இதற்குப் போதாது. 0.1 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மானி ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒரே அளவைக் காட்டும் என்று சொல்ல முடியாது.

சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும்

டயர் ஓட ஓடச் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கும். 10 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், அழுத்தம் ஏறக்குறைய 0.8 பி.எஸ்.ஐ. ஏறும். காலை 8 மணிக்கு 24 டிகிரியில் 10 என்று வைத்த டயர், பிற்பகல் 34 டிகிரியில் ஓடாமல் நின்றாலே 10.8 காட்டும். வெயிலில் கிடந்தால் இன்னும் ஏறும். ஆகவே காலையில் வைத்த அளவை நம்பி மாலைப் பந்தயத்துக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் தடத்தில் இறங்கும் முன், டயரை நிழலில் வைத்து ஆறவிட்டு அளக்க வேண்டும்.

எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது?

அழுத்தம் கூடுதலாக இருந்தால் டயர் சீக்கிரம் சூடாகிப் பிடிப்பு உடனே கிடைக்கும். ஆனால் சில சுற்றுகளுக்குப் பின் சூடு மிஞ்சி வழுக்கும். குறைவாக இருந்தால் பிடிப்பு மெதுவாக வந்து நீண்ட நேரம் நிற்கும்.

* முதல் சுற்றுகளில் வழுக்கி, கடைசியில் நன்றாக ஓடினால்: 0.5 ஏற்றுங்கள்.
* முதலில் வேகமாக ஓடி, பிறகு வழுக்கினால்: 0.5 இறக்குங்கள்.
* சில சுற்றுகளே உள்ள தகுதிச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகவும், நீண்ட இறுதிப் பந்தயத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வைப்பது வழக்கம்.
* எடை குறைந்த சிறு பிள்ளை ஓட்டினால் டயர் மெதுவாகவே சூடாகும். பெரிய பையனின் கார்ட்டுக்கு வைத்த அளவு அவனுக்குப் பொருந்தாது.
* மழை டயரை உலர் டயரின் அளவுக்கு வைக்கக்கூடாது. ஈரத் தடம் டயரைக் குளிர்விப்பதால் அதற்கு அழுத்தம் அதிகம் தேவை. மாலை மழை வழக்கமான நம் ஊரில் அந்த டயரையும் காலையிலேயே தயாராக வையுங்கள்.

எந்த நேரமும் நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். காற்று மிகவும் குறைந்தால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

திரும்பி வந்தவுடன் அளவுங்கள்

பிள்ளை தடத்தை விட்டு வந்ததும் ஹெல்மெட் கழற்றுவதற்குள் நான்கு டயர்களையும் அளந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் சூடு தணிந்து அளவு மாறிவிடும். வலப்பக்க வளைவுகள் அதிகமுள்ள தடத்தில் இடப்பக்க டயர்கள் கூடுதல் பாரம் தாங்கும். நான்கிலும் 10 வைத்து அனுப்பியது, வந்தபோது இடது பின் டயர் 13.5, வலது பின் டயர் 12.5 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த முறை இடதை அரை பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றையும் இருக்கையையும் செயினையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. டயரைச் சூடேற்றுவதும் அதில் ரசாயனம் பூசுவதும் பல போட்டிகளில் தடை. விதிமுறையை முதலில் படியுங்கள்.

பிள்ளையிடம் கேட்க வேண்டியது

ஏன் மெதுவாக ஓட்டினாய் என்று கேட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். எந்த வளைவில் வழுக்கியது, எத்தனையாவது சுற்றில், முன்பக்கமா பின்பக்கமா என்று கேளுங்கள். கை வலித்ததா என்றும் கேளுங்கள். கார்ட்டின் ஸ்டியரிங் கனமானது. கடைசிச் சுற்றுகளில் வேகம் குறைந்ததற்குக் காரணம் டயராக இல்லாமல் களைப்பாகவும் இருக்கலாம்.

தேதி, நேரம், வெப்பநிலை, இறங்கும் முன் அழுத்தம், வந்த பின் அழுத்தம், சிறந்த சுற்று நேரம், பிள்ளை சொன்னது ஆகிய ஏழையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். செப்பாங்கில் ஒரு வெயில் நாளில் எழுதியது, அடுத்த முறை அங்கே போகும்போது தொடங்கும் அளவாகக் கைகொடுக்கும். கடைசிக் கட்டத்தைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஓட்டும்போது டயரைக் கவனிக்கும் பழக்கம் அதிலிருந்துதான் வரும்.