புலம்பலுக்குச் சபையில் இடமுண்டா? ஏலாக்குறிச்சி தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில் வழங்கும் நாட்டார் இசையில் பாவம், கொலை, மரணம், நியாயத்தீர்ப்பு ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிப் பாடும் ஒரு மரபு உண்டு. 1959இல் லூவின் சகோதரர்கள், சாத்தான் மெய்யானவன் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டினை வெளியிட்டனர். நசரேயன் சபைப் போதகர் ஒருவரின் பேரனாகிய டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ் 1990களில் அம்மரபை மேலும் இருண்ட குரலில் பாடினார். பக்திப்பாடல் என்றால் மகிழ்ச்சிப்பாடல் என்றே எண்ணிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு கூறார்.

கொள்ளிடக்கரைப் புலம்பல்

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றி, அதன்மீது கலம்பகம் பாடினார். அவர் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனை எதிர்த்து நூல்கள் எழுதியவர். ஆதலின் நம் சபையார் அவரைத் தயக்கத்தோடே அணுகிவந்துள்ளனர். எனினும் துயரத்தைப் பாடும் வகையில் அவரிடம் நாம் கற்க வேண்டுவன உள.

சிலுவையடியில் நின்ற தாயின் துயரைப் பொருளாகக் கொண்டது அவருடைய ‘அன்னை அழுங்கல் அந்தாதி’. மேனாட்டுத் திருச்சபையில் நெடுங்காலம் வழங்கிய பொருளே இது. ஆனால் அவர் தெரிந்துகொண்ட வடிவம் தமிழுக்கே உரியது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. துயரமும் அத்தன்மையதன்றோ? முடிந்தது என எண்ணும் இடத்திலேயே அது மீண்டும் தொடங்குகிறது.

1726இல் அவர் இயற்றிய தேம்பாவணியில், கருணையன் எனப் பெயர்பெறும் யோவான் ஸ்நானன், கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்து கதறுகிறான். மரமும் மலரும் பறவையும் அவனோடு அழுகின்றன. சுவிசேஷத்தில் இல்லாத இக்காட்சியை முனிவர் படைத்தது ஏன்? தாயை இழந்த மகன் வாய்விட்டு அழுவதே தமிழர் அறிந்த உண்மை என்பதனாலேயே எனலாம்.

நொண்டியும் சிந்தும்

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘ஞான நொண்டி நாடகம்’ இயற்றினார். நொண்டி நாடகத்தின் பொதுக்கதையில், தாசியிடம் பொருளிழந்தவன் திருடனாகிக் குதிரை களவாடப் பிடிபட்டு, கால் வெட்டுண்டு, பின் மனந்திரும்பி இறையருளால் அதனை மீளப் பெறுகிறான். வீழ்ச்சியை மறைக்காமல், வீழ்ந்தவன் வாயாலேயே சொல்லச் செய்வது இவ்வடிவத்தின் வன்மை.

பிற்காலத்தில் சந்தையிலும் ரயிலடியிலும் காலணா, அரையணாவுக்கு விற்ற கொலைச்சிந்துகளும் இவ்வுறவினவே. கொலையையும் வெள்ளத்தையும் விபத்தையும் பாடி, இறுதியில் கேட்போருக்கு அறிவுரை கூறுவது அவற்றின் வழக்கம்.

மருதையாறு

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரசு தன் பொறுப்பை உரைக்க ஒரு வழி கண்டது. ஆனால் உறவினரின் உடலைத் தேடிக் கரையில் நிற்கும் ஒருவர் என்ன பாடுவார்? அவர் வாயில் வைக்க நம் பாட்டுப்புத்தகத்தில் என்ன உள்ளது?

திருமறையின் சாட்சி

இறந்தோர் வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள், போதகர் நுழைந்தவுடன் அடங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்போம். நம்பிக்கையற்றவரைப்போல் துக்கிக்கலாகாது எனப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது உண்மையே. ஆயின் அவர் விலக்கியது நம்பிக்கையின்மையை, துக்கத்தையன்று. எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை அழைக்கச் சொல்பவர் கர்த்தரே. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஆறுதலான முடிவொன்றை எவரும் ஒட்டவில்லை. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய எழுத்து வரிசையில் அமைந்தவை. அழிந்த நகரின் துயரையும் ஒரு வடிவத்துள் தாங்கிநின்ற அந்நூல், நம் அந்தாதிக்கு அண்மையது. லாசருவை எழுப்பப்போகும் இயேசுவும், எழுப்புமுன் கண்ணீர் விட்டார்.

ஆகவே நாம் செய்யவேண்டுவது ஒன்று. அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலை அறிவிக்குமுன், அழுகைக்குச் சிறிது நேரம் விடுவோம். அவ்வூர்ப் பெண்கள் பாடுவதைப் போதகர் முதலில் கேட்கட்டும். கேளாமல் கூறும் ஆறுதல் யோபுவின் நண்பர்கள் கூறிய ஆறுதலே ஆகும்.